லிஃப்ட்காரர் வெட்டிய தகடு

வேலை நேரத்தில் லிஃப்ட்காரர் வாயிலிருந்து வரும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எந்த மாடி? உயரமான ஓர் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஏறுகிறவர்களிடம் அதைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். பழகிய முகமென்றால் அந்தக் கேள்வியும் கிடையாது. ஆள் காலை உள்ளே வைக்கும்போதே பொத்தானை அழுத்திவிடுவார். கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் வேலையை விட்டுப் போனபின் நண்பரைப் பார்க்க ஏழாவது மாடிக்கு வந்திருக்கிறார். அவர் வாயைத் திறப்பதற்குள் பழைய நாலாவது மாடியில் இறக்கிவிட்டாராம். இறங்கியவரும் பேசாமல் படியேறிப் போனாராம். மனைவியின் தம்பி இதைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம், தான் அழுத்தியது தப்பில்லை, அவர் மாடி அதுதான் என்பார் லிஃப்ட்காரர்.

வீட்டிலும் அவர் எதையும் கேட்டதில்லை. கெட்ட மனிதர் அல்ல. குடி இல்லை, கை நீட்டியதில்லை, சத்தம் போட்டதுகூட இல்லை. மனைவிக்கு என்ன வேண்டும் என்பது தனக்குத் தெரியும் என்று நினைத்தார், அவ்வளவுதான். வாடகை வீட்டைத் தானே பார்த்து முடித்துவிட்டு வந்து, சாமானைக் கட்டு என்றார். தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்கி மாட்டினார். அவளுக்குக் கால்மிதிதான் சரிப்பட்டது. மோட்டாரைக் கழற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டு அவள் பழையபடி மிதித்தாள். அதைப் பற்றியும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

மனைவி தையல்காரி. முன்னறையில் பெரிய வெட்டு மேஜை, அதன் பக்கத்தில் மெஷின், சுவரில் ஸ்டீல் ஸ்கேலும் கத்தரிகளும் தொங்கும். சட்டை, பள்ளிச் சீருடை, திரைச்சீலை எல்லாம் தைப்பாள். அந்தத் தெருவில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. இடுப்பை ஒளித்துத் தைக்க முடியுமா என்று கேட்ட ஒருத்தியிடம், துணியைத்தான் தைப்பேன், கண்கட்டு வித்தை தெரியாது என்றாளாம். இதெல்லாம் அக்கம்பக்கத்தார் சொன்னது. அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

நான் அந்த வீட்டுக்குப் போனபோது குரல் போயிருந்தது. வீட்டோடு கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பி வைத்தார்கள். அவளுக்கு வந்தது தசைகளை ஒவ்வொன்றாகக் கைவிட வைக்கும் நரம்பு நோய். முதலில் ஊசி கோக்க முடியவில்லை. பிறகு கத்தரி பிடிக்க முடியவில்லை. கால், கழுத்து, நாக்கு என்று ஒவ்வொன்றாகப் போனது. அறிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. காது நன்றாகக் கேட்கும். கண்ணை நாலு பக்கமும் திருப்ப முடியும். இமைகள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை; திறக்க நினைத்தால் மூடும், மூட நினைத்தால் திறக்கும். வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. கட்டிலை முன்னறையில், வெட்டு மேஜைக்கு எதிரே போட்டிருந்தார் லிஃப்ட்காரர். அதையும் அவர் கேட்டுப் போடவில்லை, ஆனால் இந்த ஒன்று சரியாக அமைந்திருந்தது.

அவர் வேலை பழகிக்கொண்டார். புரட்டுவது, துடைப்பது, மெஷின் வைத்து எச்சில் உறிஞ்சுவது எல்லாம் நான் ஒருமுறை காட்டினால் மறுமுறை தானே செய்வார். முகத்தில் எதுவும் தெரியாது. அருவருப்பும் தெரியாது, அழுகையும் தெரியாது. எந்தச் சாமானைத் தொட்டாலும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். கட்டில் கம்பி, மேஜை, கதவுப்பிடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்தார். வீடே ஆஸ்பத்திரி மாதிரி நாறியது.

ஒருநாள் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நெஞ்சுத் தசையும் தளர ஆரம்பித்துவிட்டது. அடுத்து ஒரு சளி பிடித்தால் மூச்சு நின்றுவிடும். அதற்கு முன்பே கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து, மூச்சு மெஷினோடு இணைக்கலாம். அப்படிச் செய்தால் பல வருஷம் இருக்கலாம், ஆனால் இதே கட்டிலில், இதே நிலையில்தான். வேண்டாமென்றால் வலியும் திணறலும் இல்லாமல் பார்த்துக்கொண்டு போக விடலாம். இரண்டில் எது என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், சீக்கிரம் செய்ய வேண்டும் என்றார். இதை அவர் சொன்னது அறைக்கு வெளியே, நடையில் நின்றுகொண்டு. கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை.

லிஃப்ட்காரர் யோசிக்கக்கூட இல்லை.

"வேண்டாம் சார். தைச்ச துணியில ஒரு ஒட்டுப் போட விட மாட்டா. கழுத்துல ஓட்டை போட ஒத்துக்கவே மாட்டா."

டாக்டர் தலையாட்டினார். ஆனாலும் நோயாளியே சொன்னால் நல்லது என்றார். விஷயம் அப்படியே முடிந்திருக்கும், அந்த வாரம் அவள் தம்பி வராமல் இருந்திருந்தால்.

தம்பி லாரி ஓட்டுகிறவர். வந்தால் வீடே நிறைந்துவிடும், போனால் ஆள் எங்கே என்று தெரியாது. விஷயத்தைக் கேட்டதும் கட்டிலருகே போய், அக்கா, குழாய் வைக்கலாமா என்று கேட்டார். அவள் இமை மூடியது. பாத்தீங்களா, சரின்னுட்டா என்றார். லிஃப்ட்காரர் எழுந்து வந்து அவள் முகத்துக்கு நேரே நின்று, உனக்கு இதெல்லாம் வேண்டாம், இல்லையா என்றார். அதற்கும் இமை மூடியது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இமை யார் கேட்டாலும் மூடும், யாரும் கேட்காவிட்டாலும் மூடும் என்றேன். ஒருத்தி சாக வேண்டுமா இருக்க வேண்டுமா என்பதை அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

பயிற்சியின்போது நான் பார்த்திருந்த எழுத்துப் பலகையைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் கெட்டியான பிளாஸ்டிக் தகடு. நடுவில் ஒரு சதுர ஜன்னல். அதைச் சுற்றி எழுத்துகளைக் கூட்டம் கூட்டமாக, ஒவ்வொரு எழுத்தும் ஒரு நிறத்தில் ஒட்ட வேண்டும். நாம் தகட்டை நடுவில் பிடித்து ஜன்னல் வழியாக அவள் கண்ணைப் பார்ப்போம். அவள் முதலில் எந்தக் கூட்டம் என்று பார்ப்பாள், பிறகு எந்த நிறம் என்று அந்த நிறப் பொட்டு இருக்கும் மூலையைப் பார்ப்பாள். இமை எப்படி அடித்தாலும் கவலையில்லை, கண்மணி போகும் திசை மட்டும் போதும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. செய்து தரச் சொன்னால் நாளாகும் என்றார்கள். பெயர்ப்பலகைக் கடையில் மிஞ்சிய அக்ரிலிக் தகடுகளை வாங்கி வந்து தானே வெட்டுவதாக லிஃப்ட்காரர் சொன்னார். ஆணி அடித்தால்கூட வளைத்து அடிக்கிற கை அது.

முதல் தகட்டை ஹாக்ஸா பிளேடால் அறுத்தார். தகட்டின் பாதி மேஜைக்கு வெளியே தொங்கியது. பிளேடு இழுக்க இழுக்க அது நடுங்கிச் சடசடத்தது. ஓரமெல்லாம் பல் விழுந்த வாய் மாதிரி சில்லு பெயர்ந்து, பாதி தூரத்தில் குறுக்கே கீறிக்கொண்டு போனது. தம்பி தன் சிநேகிதரிடமிருந்து மின்சார ரம்பம் ஒன்றைக் கொண்டு வந்தார். அதன் வேகத்தில் பிளாஸ்டிக் உருகியது. ரம்பம் முன்னால் வெட்டிக்கொண்டு போக, பின்னால் வெட்டு தானாகவே ஒட்டிக்கொண்டு வந்தது. அறை முழுக்கப் புகைநாற்றம். மூச்சுக்குத் தவிக்கிறவள் எதிரே படுத்திருக்கிறாள் என்று சொல்லி ரம்பத்தைப் பிடுங்கி வெளியே வைத்தேன்.

பெயர்ப்பலகைக் கடைக்காரர்தான் வழி சொன்னார். நேர்க்கோட்டுக்கு ரம்பமே வேண்டாம். கொக்கி மூக்குள்ள கட்டர் ஒன்று இருக்கிறது. ஸ்கேலை அழுத்திப் பிடித்து அதால் ஒரே கோட்டில் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தி ஒரு தரம் இழுப்பதல்ல, லேசாகப் பல தரம். தகட்டின் கனத்தில் பாதி அளவுக்குப் பள்ளம் விழுந்ததும் மேஜை விளிம்பில் கோட்டைப் பொருத்தி, ஒரே அமுக்காக அமுக்கினால் முறிந்து வரும். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரிக்கவே கூடாது. அதன் மேல் கோடு போட்டால் பென்சிலும் தெரியும், கீறலும் விழாது.

லிஃப்ட்காரர் சுவரிலிருந்து மனைவியின் ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். அவள் மேஜையில், அவளுக்கு எதிரே நின்று இழுத்தார். கட்டர் முதல் இழுப்பில் வழுக்கி ஸ்கேலை விட்டு ஓடியது. அடுத்த தகட்டில் ஸ்கேலின் இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்கினார். பிளாஸ்டிக் சுருள் சுருளாக, நூல் மாதிரி வந்தது. முறித்தபோது டப்பென்று ஒரு சத்தம். வெளி ஓரங்கள் நாலும் நேராக வந்தன. கட்டிலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி வெட்டுகிற மேஜையில் இப்படி ஒரு வெட்டு நடப்பதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று சொல்ல அப்போது வழியில்லை.

நடு ஜன்னலில்தான் எல்லாம் கெட்டது. அதையும் அதேபோல் கீறி, நாலு கோட்டையும் ஆழமாக்கி, உள்ளங்கையால் அமுக்கித் தள்ளினார். சதுரம் விழவில்லை. மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி வெளி ஓரம் வரை ஓடியது. இன்னொரு தகட்டில் சுத்தியால் தட்டினார். அது மூன்றாகப் போனது. அப்புறம் ஒன்று. அதுவும் மூலையில்தான் விட்டது. உடைந்ததையெல்லாம் ஒழுங்காகச் சுவரோரம் சாத்தி வைத்தார். வேலைக்குப் போனார், வந்தார், மனைவியைப் புரட்டிவிட்டார், அடுத்த தகட்டை எடுத்தார். கோபப்படவில்லை. ஒருவரைப் பார்த்து இவருக்கு என்ன தோன்றுகிறது என்று தெரியாமல் போவது என் தொழிலில் அபூர்வம். இவரிடம் எனக்குப் பிடி கிடைக்கவே இல்லை.

மறுபடி லாரியை நிறுத்திவிட்டு வந்த தம்பி சுவரோரம் சாத்தியிருந்ததை எண்ணாமலே புரிந்துகொண்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, நிஜத்தைச் சொல்லுங்க. பலகை முடிஞ்சா அக்காகிட்ட கேட்டாகணும். அதுக்குப் பயந்துதானே உடைச்சுக்கிட்டே இருக்கீங்க?"

லிஃப்ட்காரர் கட்டரைக் கீழே வைத்தார். அது உருளாமல் இருக்க ஸ்கேலை அணைவாக வைத்தார்.

"அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும் மச்சான். அதை அவ கண்ணால பாக்கணும்னு நீதான் நிக்கிற."

"தெரிஞ்சா கேக்கறதுக்கு என்ன?"

லிஃப்ட்காரர் அடுத்த தகட்டை இழுத்துக்கொண்டார். தம்பி போனபிறகு, நான் கேட்காமலே, ஒரு விஷயம் சொன்னார். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று டாக்டரிடம் சொன்னது நிஜம்தான். ஆனால் சொன்னபோது தனக்கும் முதுகுச் சுமை இறங்கின மாதிரி இருந்தது என்றார். களைப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். கிடக்கிறவர்களைப் பார்க்கிற எல்லாருக்கும் அது வரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் யாருடைய களைப்பு என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவர் தகட்டின் தாளில் மறுபடி சதுரம் வரைந்துகொண்டிருந்தார்.

அன்று அவர் சதுரத்தின் மூலைகளைக் கூராக வரையவில்லை. வட்டமாக வரைந்தார். ஏன் என்று கேட்டேன். சட்டைக்குக் கழுத்து வெட்டும்போது அவள் கத்தரியை மூலையில் நிறுத்த மாட்டாள், வளைத்துக்கொண்டு போவாள், நிறுத்தினால் அங்கிருந்துதான் கிழியும் என்று எவளோ ஒரு வாடிக்கைக்காரியிடம் சொன்னது நினைவு வந்ததாம். அவரிடம் சொன்னதல்ல. பக்கத்தில் இருந்ததால் காதில் விழுந்தது.

நாலு மூலையிலும் டிரில்லால் துளை போட்டார். அடியில் பழைய மரப்பலகை வைத்து, அமுக்காமல், மெதுவாக. ஒரு துளைக்குள் மெல்லிய ரம்பப் பிளேடை விட்டு, துளையிலிருந்து துளைக்கு அறுத்தார். சூடேறி உருகாமல் இருக்க அவ்வப்போது நிறுத்தினார். வெட்டு கோட்டுக்குச் சற்று உள்ளே தள்ளியே போனது. மிச்சத்தை அரத்தால் ராவினார். பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, கரடு முதலில், நைஸ் பிறகு என்று ஓரமெல்லாம் தேய்த்தார். முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கிற சாமான், ஒரு பிசிறுகூட இருக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். விரலை ஓட்டிப் பார்த்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

தாளை உரித்தார். எழுத்துகளை நான் எழுதிக் கொடுக்க அவர் ஒட்டினார். உயிர்மெய் அத்தனைக்கும் இடம் போதாது. மெய்யும் உயிரும் மட்டும் ஒட்டினோம், அவள் தனித்தனியாகக் காட்டினால் நாம் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாம் முடிந்ததும், மறுநாள் காலை பார்க்கலாம் என்று நான் கிளம்பினேன்.

காலையில் நான் போனபோது அவர் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜன்னலைச் சுற்றிலும் முடி முடியாக விரிசல். ஒவ்வொரு துளை இருந்த இடத்திலிருந்தும் சிலந்தி வலை கிளம்பியிருந்தது. லேசாக வளைத்தபோது ஒரு மூலை கையோடு வந்துவிட்டது. நடந்தது என்னவென்றால், படுக்கப் போகும்முன் அவர் அதைச் சுத்தம் செய்திருக்கிறார். நன்றாக. ஸ்பிரிட் போட்டு. அறுத்த அக்ரிலிக்குக்கு ஸ்பிரிட் ஆகாது என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தொட்டதையெல்லாம் ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்துப் பழகிய வீட்டில்தான் இப்படி நடக்கும். கடைக்காரரிடம் போனில் கேட்டதற்கு, சோப்புத் தண்ணியும் பஞ்சுத் துணியும் போதுமே, எவன் ஸ்பிரிட் போடச் சொன்னான் என்றார்.

அவளுக்கு அன்று லேசாகச் சளி கட்டியிருந்தது. நான் டாக்டருக்குச் சொன்னேன். மறுநாள் வருகிறேன், அதற்குள் முடிவு தெரிந்தால் நல்லது என்றார். தெரியாவிட்டால் முன்பு சொன்னதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். முன்பு சொன்னது, வேண்டாம் என்பது.

லிஃப்ட்காரர் அன்று வேலைக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்து அவர் சொல்லாமல் லீவு எடுத்தது அது ஒருநாள்தான். மிச்சமிருந்த ஒரே தகட்டை மேஜையில் வைத்தார். அளவு சற்றுச் சின்னதுதான், பரவாயில்லை என்றேன். வெளி ஓரம் கீறி முறித்தார். துளை போட்டார். அறுத்தார். ஒரு பக்கத்தில் பிளேடு கோட்டைத் தாண்டி வெளியே சாய்ந்துவிட்டது. அதைச் சரி செய்யப் போனால் ஜன்னல் பெரிதாகிவிடும், எழுத்துக்கு இடமிருக்காது, அப்படியே விட்டார். ராவினார், தேய்த்தார், சோப்புத் தண்ணீரில் கழுவி, பஞ்சுத் துணியால் ஒற்றி எடுத்தார். பழைய தகட்டிலிருந்து எழுத்துகளை உரித்து ஒட்டினேன். மதியம் தாண்டியிருந்தது. தம்பியும் வந்து சேர்ந்தார், கதவருகே நின்றார்.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். எச்சிலை உறிஞ்சினேன். லிஃப்ட்காரர் தகட்டை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தன் முகத்தை வைத்தார். முதலில் அவளே ஏதாவது சொல்லட்டும், பழகிக்கொள்ளட்டும் என்றேன். கண் எங்கே போகிறது என்று அவர் சொல்ல, நான் பக்கத்தில் நின்று எழுத்தைச் சொன்னேன். வந்த முதல் எழுத்து ஓ.

"ஓடுதா? மூக்கு ஓடுதா?" என்றார் அவர் உடனே.

அவள் கண் மேலே, கூரைக்குப் போய்விட்டது. திரும்பவே இல்லை. முடிக்க விடுங்கள், நடுவில் நாம் சொல்லக் கூடாது என்றேன். மறுபடி முதலிலிருந்து. ஓ. ர். அ. ம். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் இன்னும் நிறைய எழுத்து. எல்லாவற்றையும் சேர்த்தபோது வந்தது: ஓரம் கோணல்.

தம்பி சத்தமாகச் சிரித்துவிட்டார். இத்தனை மாதம் வாய் திறக்காதவள் முதலில் சொன்னது தகட்டின் வெட்டு நேராக இல்லை என்பது. லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. தகட்டைத் திருப்பி அந்த ஓரத்தைப் பார்த்தார். ஆமா, இடது பக்கம் சாஞ்சிடுச்சு என்றார்.

மறுபடி தகட்டைத் தூக்கினார். டாக்டர் நடையில் சொன்னதை அவளிடம் முழுதாகச் சொன்னார். குழாய் வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன என்று இரண்டையும் சொன்னார். மெஷினோடுதான் இருக்க வேண்டும் என்பதையும், இனி எதுவும் திரும்பி வராது என்பதையும் விடாமல் சொன்னார். நான் சொல்லிக் கொடுத்ததுதான், ஆனால் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு ஜன்னல் வழியாக அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்கு என்ன வேணும்?"

கண் வகரக் கூட்டத்துக்குப் போனது. அடுத்து நிறம். பிறகு உயிரெழுத்துக் கூட்டம், அடுத்து நிறம். வ், ஐ. வை.

அவர் தகட்டைக் கீழே இறக்கினார். தான் எதிர்ப்பக்கம் இருந்து பார்ப்பதால் இடமும் வலமும் மாறியிருக்கும் என்றார். மாறவில்லை என்றேன், நானும் பார்த்தேன். மறுபடி கேட்டார். மறுபடி அதே நாலு பார்வை. தம்பியைக் கூப்பிட்டுத் தகட்டைக் கையில் கொடுத்து, நீ பார் என்றார். தம்பியின் முரட்டுக் கையில் தகடு ஆடியது. அவருக்கும் அதேதான் வந்தது. தான் சொன்னதுதான் நடந்தது என்று கொண்டாட வேண்டியவர், தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடைக்குப் போய் நின்றுகொண்டார்.

"நான் டாக்டர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார் லிஃப்ட்காரர்.

தெரியும், என்று வந்தது. பிறகு, கதவு, என்று வந்தது. அவர் திரும்பி அறைக் கதவைப் பார்த்தார். அது அன்றைக்குப் போலவே ஒருக்களித்துத் திறந்திருந்தது. அவள் அத்தனை நாளும் அதைக் கேட்டுவிட்டுத்தான் எதிரே படுத்து அவர் தகடு உடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஏன் என்று கேட்டார். அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இருக்க வேண்டும் என்கிறவரிடம் காரணம் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மெதுவாக ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். இந்த முறை அவர் நடுவில் வாயைத் திறக்கவில்லை. பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, அவருக்கும் புரிந்திருக்கும். கடைசி எழுத்துவரை தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்தது: சும்மா.

லிஃப்ட்காரர் தகட்டைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். போய் டாக்டருக்குப் போன் செய்தார். குழாய் வைத்துவிடுங்கள், அவளே சொல்லிவிட்டாள் என்றார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அப்புறம் வந்து மேஜையில் கிடந்த பிளாஸ்டிக் தூளையெல்லாம் ஈரத் துணியால் கூட்டி எடுத்தார். காய்ந்த துணியென்றால் அது கையிலேயே ஒட்டிக்கொண்டு வரும்.

குழாய் வைத்தார்கள். வேண்டும் என்று நின்ற தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேண்டாம் என்றவர்தான் ராவும் பகலும் குழாயில் சளி உறிஞ்சினார். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும், நான் பார்த்த வீடுகளில். கட்டட நிர்வாகம் ஒருவழியாக லிஃப்ட்டுக்கு ஆள் வேண்டாம் என்று முடிவு செய்தபோது அவர் மறுக்காமல் வந்துவிட்டார். அதில் அவருக்கு வருத்தமா நிம்மதியா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. மெஷினின் சத்தம் அந்த அறையில் நிற்பதே இல்லை. அவர் அதன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறார். மெஷின் ஊது ஊது என்று ஊதும்போது தூங்குவார், அது ஒரு நொடி தடுமாறினால் எழுந்துவிடுவார்.

தெருக்காரர்கள் சிலர், இப்படி வைத்திருப்பதற்குப் போகவே விட்டிருக்கலாம் என்று என்னிடம் சொன்னார்கள். தையல்காரி காதுபடவே ஒருத்தி சொன்னாள். அந்த ஒருத்தியின் மகனுக்குச் சீருடை தைத்துக் கொடுத்த வகையில் பழைய பகை வேறு. தையல்காரி எழுத்து எழுத்தாகப் பார்த்து, அந்த மகனின் கால்சட்டையை அப்போதே இறுக்கமாகத் தைத்திருக்க வேண்டும் என்றாள். அதை அவளிடம் சத்தமாகப் படித்துக் காட்டியவர் லிஃப்ட்காரர். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

சில மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் அறைக்கு வெளியே கூட்டம் காத்திருந்தது. ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். லிஃப்ட்காரர் தகட்டைத் தூக்கினார். அவள் ஆரம்பித்தாள். க். அ. ய். இ. ற். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, கயிறா, குழாயைப் பிடிச்சிருக்கற கழுத்துக் கயிறு பழசாயிடுச்சா, மாத்திடலாம் என்று எழுத ஆரம்பித்தார்.

"அவ முடிக்கட்டும் சார்" என்றார் லிஃப்ட்காரர்.

டாக்டர் பேனாவை நிறுத்தினார். காலையில் கயிற்றைக் கட்டியதே லிஃப்ட்காரர்தான். என்ன தொந்தரவு என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. தகட்டை இறக்கவில்லை. முழங்கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டார். ஜன்னல் வழியாக அவள் கண்ணை மட்டும் பார்த்தார். எழுத்து வர நேரமானது. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

கயிறு இறுக்கம், என்று முடித்தாள்.

நான் எழுந்து போய் முடிச்சை அவிழ்த்தேன். ஒரு விரல் உள்ளே போகிற அளவுக்குத் தளர்த்திக் கட்டினேன்.